எந்தத் தேடுபொறியிலும் இல்லாத போராட்டம்

முதலில் தொழிலாளர் சங்கத்தின் பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள். அடுத்து, கம்பெனியின் விழா மலரில் அந்தப் பழைய போராட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட வராமல் பார்த்துக்கொண்டார்கள். அதற்கும் அடுத்து, போன வாரம், தையல் கூடத்துக் கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டு, சாவியை சூப்பர்வைசரிடம் கொடுத்தார்கள்.

இப்போது இணையமும் முதலாளி பக்கம் சாய்ந்துவிட்டது என்றார் சங்கத் தலைவர்.

"கழிப்பறைக்கு யார்கிட்டயும் கேட்காம எழுந்து போகலாம்னு அந்தப் போராட்டத்தப்பவே ஒப்பந்தம் போட்டாச்சு, சார்!"

"ஆதாரம்?" என்றார் மேனேஜர்.

போராட்டத்தைப் பற்றித் தாமே எழுதிய புத்தகத்தை நீட்டினார் தலைவர்.

"எழுதினதும் நீங்க, இதுல ஜெயிச்சதும் நீங்க. வெளியாள் எழுதினதைக் காட்டுங்க. இப்பவே பூட்டைக் கழட்டுறேன்."

சாப்பாட்டுக் கூடமே கைகழுவாமல் காத்திருந்தது. காலர் தைக்கும் பெண் போனை எடுத்தாள்.

"தலைப்பு சொல்லுங்க, தலைவரே."

"உழைக்கும் மகளிர் உரிமைப் பெரும்போர்."

வழக்கமான தேடுபொறியில் போட்டாள். "மகளிர் உடை, பாதி விலைன்னு வருது."

"பாத்தியா! விலைக்கு வாங்கிட்டான். வேற தேடுபொறியே இல்லையா?"

"ஆளை வேவு பார்க்காததுன்னு ஒண்ணு இருக்கு." தட்டினாள். "ம்ஹூம்."

"வேற?"

"தேடத் தேட மரம் நடுமாம்."

"மரம் நட்டது போதும், உண்மையைத் தோண்டச் சொல்லு!"

அதிலும் இல்லை. மேனேஜர் எழுந்தார்.

"ஏன் தலைவரே, அந்தக் காலத்துல எல்லாரும் இந்தப் போராட்டத்தை என்னன்னு சொன்னாங்க?" என்று கேட்டாள் அவள்.

தலைவர் வாய் திறக்குமுன் பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. சட்டைப் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் அக்கா. கூடத்திலேயே மூத்தவர்.

"கக்கூஸ் சண்டை."

கூடம் கொல்லென்று சிரித்தது.

"வரலாற்றுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?" என்று தலைவர் முகம் சுளித்தார்.

அவள் அதற்குள் தட்டிவிட்டாள். "வந்துடுச்சு! பழைய வாரப் பத்திரிகைச் செய்தி!" சந்தேகம் தீராமல் முதல் தேடுபொறியிலும் போட்டாள். "இதுலயும் இருக்கு, தலைவரே. யாரும் ஒளிச்சு வைக்கல."

மேனேஜர் மறுபடி உட்கார்ந்தார். "நீங்களே படிங்க. எல்லாரும் கேட்கட்டும்."

தலைவர் போனை வாங்கிக்கொண்டு மேடைக் குரலில் ஆரம்பித்தார்: "'பெண்கள் அனுமதி கேட்காமல் எழுந்து செல்லலாம் என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்தது.'"

கைதட்டல் கூரையைப் பிளந்தது.

"'இந்தப் போராட்டத்தைத் தொடங்கி, கடைசி நாள்வரை நடத்தி, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர், எல்லாரும் அன்போடு அழைக்கும்...'"

குரல் நின்றது.

"அது நீங்கதானே? கூச்சப்படாம படிங்க, தலைவரே!" என்றாள் காலர் பெண்.

"முழுசாப் படிச்சாத்தான் ஆதாரம்" என்றார் மேனேஜர்.

தலைவர் தம் புத்தகத்தைப் பார்த்தார். வாசல் வழியே தெரிந்த பூட்டிய கழிப்பறைக் கதவைப் பார்த்தார். பின்வரிசையில் அக்கா தலை நிமிராமல் டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இத்தனை வருஷமாகத் தாம் எங்கேயும் எழுதாத அந்தப் பெயரை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார்:

"'காஜா அக்கா.'"