பூஜைப் பொருள்

ஆயுத பூஜையன்று கோமளவல்லி தன் வீட்டுக்காரரின் மூச்சு மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்திருந்தாள். இன்று மெஷின் கரகரவென்று திணறியது. கட்டிலில் அவருக்கு மூச்சு இழுத்தது. பதறிப்போய் மெக்கானிக்கை வரவழைத்தாள்.

மெஷினைப் பார்த்ததும் அவன் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டான். "பொட்டு வச்சிருக்கீங்களேம்மா. பொட்டு வச்சதெல்லாம் பூஜைப் பொருள்னு சட்டமே வந்தாச்சு. கழட்டினா எனக்கு ஜெயில்."

"அப்ப அழிச்சிடறேன்."

"அழிச்சா உங்களுக்கு ஜெயில்."

அவள் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சந்தனத்தோடு குங்குமத்தையும் விரலால் வழித்து, துளிகூடச் சிந்தாமல் தன் நெற்றியில் இட்டுக்கொண்டாள்.

"அழிக்கலை தம்பி, எடுத்து வச்சுக்கிட்டேன். இப்ப நான்தான் பூஜைப் பொருள். என்மேல கை வைக்கிற போலீசுக்குத்தான் ஜெயில். நீ மெஷினைக் கழட்டு."