காலி அறைகள்

விளக்கு வைத்த பிறகு, நிலக்கரி வாயுவைச் சுத்தம் செய்யும் இரும்புக் கோபுரத்தின் அடியிலிருந்து உஸ் உஸ் என்று ஒரு சத்தம் கேட்டது. உள்ளே இருந்த சுட்ட சுண்ணாம்புக் கட்டி குனிந்து பார்த்தாள். சூளையில் வெந்தபோது மூச்செல்லாம் வெளியேறி, அவள் உடம்பு முழுக்கக் காலி அறைகளாகிவிட்டிருந்தது.

கொதிக்கக் கொதிக்க நிலக்கரி வாயு மேலேறி வந்தார். அழுகிய முட்டை நாற்றத்தோடு கந்தக வாயுவும் அவர் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தான்.

"மேலே சின்னச் சுடருக்குச் சாப்பாடு கொண்டுபோறேம்மா. இந்தப் பயல் எங்கே தொத்தினான்னே தெரியல," என்றார் பெரியவர்.

"நானும் குழந்தையைப் பார்க்கத்தான் போறேன்," என்று இளித்தான் அவன்.

அவன் போய்ச் சேர்ந்தால் சுடர் நிற்கும் குழாயையே அரித்துவிடுவான். பிறகு சுடர் ஏது?

சூளைக்குப் போகாமலே தவறிப் பக்கத்தில் வந்து விழுந்திருந்த பச்சைச் சுண்ணாம்புக் கல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "என் வீட்ல இடமில்லை. நீயும் கதவைச் சாத்துடி. நமக்கெதுக்கு வம்பு?"

சுண்ணாம்புக் கட்டி கதவில் கைவைத்தாள். சாத்தினால் அவன் நேரே மேலேதான் போவான்.

"அவ்வளவு தூரம் எதுக்குத் தம்பி? என் வீட்ல எல்லா அறையும் காலிதான்," என்றாள்.

"அக்கான்னா இப்படி இருக்கணும்," என்று பச்சைக் கல்லைக் குத்திக்காட்டிவிட்டு அவன் உள்ளே நுழைந்தான். அவன் அவளோடு ஒட்டியதும் பிறந்த ஈரம் ஆவியாகி வெளியேறியது. பெரியவர் நாற்றம் நீங்கி மேலே போனார்.

"நான் எப்போ மேலே கிளம்பலாம் அக்கா?"

சுடர் அசையாமல் நீலமாக எரிவதை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அவள் கதவை உள்ளிருந்து தாழிட்டாள்.