வானவில் போன பாட்டில்

மண்ணுக்குள்ளிருந்து தோண்டியெடுத்த அந்தப் பழைய மருந்து பாட்டிலைச் சுத்தம் செய்துவிட்டால், தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போகலாம் என்று பழம்பொருள் கடை முதலாளி சொல்லியிருந்தார். தவசி அதைச் செம்புத் துணுக்குகளோடும் பாலிஷ் பவுடரோடும் மெருகேற்றும் இயந்திரத்தின் உருளைக்குள் போட்டு, நாள்கணக்கில் சுழலவிட்டான். வெளியே எடுத்தபோது பாட்டில் தண்ணீரைப் போலத் தெளிந்திருந்தது.

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். "அடப்பாவி! மண்ணுல கெடந்து ஏறுன வானவில் கலர் எங்கடா? அதுக்குத்தானே வாங்க வர்றான்! சேத்தை மட்டும் கழுவுன்னா, நேத்து செஞ்ச பாட்டில் மாதிரி ஆக்கி வச்சிருக்கே!"

மண்வெட்டியை அவன் கையில் திணித்தார்.

"கொல்லையில புதைச்சு வை. கலர் வந்ததும் லீவு."

குழி வெட்டிய கையெல்லாம் சேறு. தவசி போனைத் தரையில் வைத்துக் குனிந்து பேசினான். அவன் பேசப் பேச, அது எழுத்தாகி வீட்டுக்குப் போனது.

"எம்மா, அழுக்கா இருந்தாலும் திட்டுதாரு, சுத்தமா இருந்தாலும் திட்டுதாரு. இந்தக் கலரு ஏற நூறு வருசம் ஆவுமாம். நான் என்னத்தம்மா செய்ய? தங்கச்சிக்கிட்ட யாரு சொல்லுதது?"

சற்று நேரத்தில் போனில் அம்மாவின் குரல்பதிவு வந்தது.

"எய்யா, கோவப்படாத. இன்னும் கொஞ்சம் ஆழமாப் பொதச்சா சீக்கிரம் வந்துருமான்னு அவர்ட்ட கேட்டியா?"