வலது கால் கட்டைவிரல்

அப்பத்தா தன் சாவுக்கு வேண்டிய ஒப்பாரியைத் தானே கட்டி, மருமகள்கள் இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் பாயை விரித்து, தெற்கே தலைவைத்து நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். மூத்தவளான பெரியம்மாவும் இளையவளான என் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து பாட வேண்டும். எங்காவது பிசகினால் அப்பத்தாவின் வலது கால் கட்டைவிரல் ஆடும். உடனே நிறுத்தி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பெரியம்மா பாடி ஒருநாளும் விரல் ஆடியதில்லை. அம்மாதான், "அரக்குச் சேல உடுத்தி ஆத்தோரம் போறியளோ" என்ற இடத்தில் பச்சைச் சேலை என்றே பாடிவிடுவாள்.

"பச்சையில நான் வெட்டுக்கிளி மாதிரி இருப்பேன்டி. கடைசியாப் போறப்பவாச்சும் லெச்சணமா அனுப்பு," என்பாள் அப்பத்தா, கண்ணைத் திறக்காமலே. பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அப்பத்தா நிஜமாகவே படுத்தாள். அரக்குச் சேலை உடுத்தி, நெற்றியில் காசு வைத்து, கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். அம்மா ஒரு இடத்தில்கூடப் பிசகாமல் பாடினாள். வந்திருந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். பாட்டு முடிந்ததும் பெரியம்மா குனிந்து கால்விரல் துணியின் முடிச்சைக் கொஞ்சம் தளர்த்திவிட்டாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, முன்னைவிடச் சத்தமாகத் தொடங்கினாள்.

"பச்சச் சேல உடுத்தி..."

அம்மா விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.