ஆட்சேபணை இல்லை

"அண்ணனைக் கொன்னவனை வெளிய வுடலாம்னு சொல்லிட்டு வந்தீங்களாமே, நிஜமா?"

கேசவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டான்.

அரிசி களைந்துகொண்டிருந்த அண்ணி விஜயகுமாரி நிமிரவில்லை. "ஆமா கேசவா. ஆட்சேபணை இல்லைன்னு ஆபீஸர்கிட்ட சொல்லிட்டேன்."

கேசவனின் அண்ணன் ஆனந்தன் போய் அஞ்சு வருஷம் ஆகிறது. திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரத்துக்கு வேலைக்குப் போனவரை, பூஞ்சேரி கூட்ரோட்டில் ஒரு கார் பைக்கோடு தூக்கி எறிந்தது. ஓட்டியவன் அபிஷேக். மாத்திரை போதையில் இருந்தவனுக்குக் காரைவிட்டு இறங்கி நிற்கக்கூடத் தெரியவில்லை. ஒன்றிய சேர்மனாக இருந்த ஹரிஹரனின் ஒரே பிள்ளை. ஏழு வருஷம் தண்டனை கிடைத்தது.

இப்போது ஹரிஹரனுக்கு வாரியத் தலைவர் பதவி கொடுத்திருக்கிறார்கள். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்ட் சுவரெல்லாம் வாழ்த்துப் போஸ்டர். அதன் பசை காய்வதற்குள், நன்னடத்தைக்காக முன்கூட்டியே விடுதலையாகிறவர்களில் அபிஷேக்கும் ஒருவன் என்று பேச்சு வந்துவிட்டது. செத்தவர் குடும்பத்தை ஒரு வார்த்தை கேட்பார்கள். அந்த வார்த்தையைத்தான் அண்ணி சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"அந்த சேர்மன் அன்னிக்கு வூட்டாண்ட வந்தாரே, இன்னா பேசினாரு?"

"புள்ளையைப் பத்திதான் பேசினாரு."

"போறப்ப, 'நீ கேட்டதை முடிச்சுத் தர்றேம்மா'ன்னு சொன்னாரே. நான் அப்பதான் உள்ள வந்துகினு இருந்தேன், காதால கேட்டேன். நீங்க இன்னா கேட்டீங்க?"

விஜயகுமாரி களைந்த தண்ணீரை வடித்தாள்.

"நடக்கட்டும், சொல்றேன். இப்ப வெளிய தெரிஞ்சா நடக்காது."

கேசவன் வந்த வழியே திரும்பினான். அண்ணன் போன நாளிலிருந்து காஸ் சிலிண்டர் மாற்றுவதுமுதல் ரேஷன் வாங்குவதுவரை அந்த வீட்டுக்கு அவன்தான். அன்றோடு அந்தப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டான்.

ஊர் சும்மா இருக்குமா? டீக்கடையில் ஒருத்தர், "உங்க அண்ணிக்கு அங்கன்வாடியில வேலையாமே," என்றார். இன்னொருத்தர், "இல்லப்பா, பீச்சாண்ட கடை வெச்சுத் தர்றாங்களாம்," என்றார். கேசவன் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டான். அண்ணனின் சாவை அண்ணி விற்றுவிட்டாள் என்று அவனே நம்பும்போது, ஊர்வாயை எப்படி அடைப்பான்?

விடுதலை நாளும் வந்தது. அண்ணி ஜெயிலுக்கே கிளம்பிப் போயிருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

மாலை போட்டுக் கூட்டிக்கொண்டு வரப்போகிறாளா? கேசவன் பைக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனான். நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவது என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனான்.

ஜெயில் வாசலில் கட்சிக்கொடி கட்டிய கார்கள். ஹரிஹரன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி நின்றிருந்தார். அண்ணி தள்ளி, வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள்.

அபிஷேக் வெளியே வந்தான். தலை ஒட்ட வெட்டியிருந்தது. அப்பாவிடம் போகாமல் நேராக விஜயகுமாரியிடம் வந்தான். இரண்டு கையையும் கூப்பினான்.

"மறுபடியும் அந்த மாத்திரையைத் தொடாத," என்றாள் அவள். "போ. உங்கப்பா நிக்கிறாரு."

கேட்க வந்ததை விட்டுவிட்டு, கேசவன் வேப்பமரத்தடிக்குப் போய் அண்ணி பக்கத்தில் நின்றான். இத்தனை வருஷமாக அவன் மனசில் வைத்துக் கறுவிக்கொண்டிருந்த ஆள் இவன் இல்லை போலிருந்தது.

கார்கள் கிளம்பிப் போயின. அண்ணி மட்டும் நகரவில்லை. அவள் பக்கத்தில் இன்னொரு பெண், தண்ணீர் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜெயில் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதான் போயிட்டானே. இன்னும் யாருக்கு அண்ணி நிக்கிறீங்க?"

பதில் வருவதற்குள் கதவு திறந்தது. ஒட்டிய கன்னமும் கையில் ஒரு பையுமாக ஒரு இளைஞன் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தான். அந்தப் பெண் ஓடிப்போய் அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"யாரு இவங்க?"

"மேரி. கடப்பாக்கத்துக்காரங்க. நம்ம கேஸ் நடந்தப்ப நீ வக்கீலோட கோர்ட்டுக்கு உள்ள நிப்ப. வெளிய பெஞ்சுல நானும் இவங்களும்தான் குந்திகினு இருப்போம். இவங்க புள்ளை சாலமோன், அதோ வர்றானே, போதையில லோடு ஆட்டோவைக் கவுத்துட்டான். கூடப்போன மேரியோட சொந்தத் தம்பி செத்துட்டாரு. இவனுக்கும் அதே ஏழு வருஷம்தான். 'நான் மன்னிச்சுட்டேன், வுட்டுடுங்க'ன்னு இந்தம்மா ஏறாத ஆபீஸ் இல்ல. யாரும் காதுல போட்டுக்கல."

"அதுக்கும் சேர்மனுக்கும் இன்னா சம்பந்தம்?"

விஜயகுமாரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போதை ஒரு நோயி, எம்புள்ளை வேணும்னு பண்ணலன்னு வூட்டுல வந்து அழுதாரு கேசவா. நானும் ஒத்துக்கினேன். 'உங்க புள்ளைக்கு வந்தா நோயி, மேரி புள்ளைக்கு வந்தா திமிரா? வுட்டா ரெண்டு பேரையும் வுடச் சொல்லுங்க, இல்லன்னா ரெண்டு பேரும் உள்ளயே இருக்கட்டும்'னேன்."