மூன்றாம் எதிர்மனுதாரர்

திருநெல்வேலிப் பேருந்தில் அவள் ஏறியபோது ஓர் இடம்தான் காலியாக இருந்தது.

பக்கத்து ஜன்னலோரம் ஜெசிந்தா.

அவள் நடுவழியில் நின்றுவிட்டாள். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள்.

"எடம் இருக்குல்லாம்மா, உக்காருங்க" என்றார் நடத்துநர்.

ஜெசிந்தா இருக்கையிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் உட்கார்ந்தாள்.

அன்று காலையில்தான் மதுரையில் தீர்ப்பு வந்திருந்தது.

பல்கலைக்கழகத்தில் தாவரவியல் உதவிப் பேராசிரியர் வேலை. ஒரே ஓர் இடம். இருவரும் விண்ணப்பித்தார்கள். ஜெசிந்தாவுக்குக் கிடைத்தது. கிடைக்காத அவள் வழக்குப் போட்டாள்.

விளம்பரத்தில் கேட்டது நெட் தகுதித் தேர்வில் தேர்ச்சி, அல்லது புதிய விதிமுறைப்படி பெற்ற முனைவர் பட்டம். அவளிடம் நெட் இருந்தது. ஜெசிந்தாவின் பட்டம் பழைய விதிமுறைப்படி வாங்கியது.

ஆய்வில் குறை ஏதுமில்லை என்றார் நீதிபதி. தகுதி இல்லை என்றும் சொன்னார்.

நியமனம் ரத்து. அந்த இடம் இனி அவளுக்கு.

ஏழு வருடங்களாக மனுவில் ஜெசிந்தாவை மூன்றாம் எதிர்மனுதாரர் என்றே படித்துப் பழகியிருந்தாள். அந்த மூன்றாம் எதிர்மனுதாரரின் நகக்கண்ணில் சுண்ணக்கட்டித் தூள் ஒட்டியிருந்தது. மடியில் இருந்த சாப்பாட்டுப் பை இன்னும் கனமாகவே இருந்தது.

பேருந்து விருதுநகரைத் தாண்டியது.

"செகண்ட் இயருக்குப் பாசிப் பாடம் பாதியில நிக்கி" என்றாள் ஜெசிந்தா, வெளியே பார்த்தபடி. "பூஞ்சை இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. நீங்க முதல்ல பாசிய முடிச்சிருங்க. பிள்ளைங்களுக்குக் குழப்பமா இருக்கும்."

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

ஜெசிந்தாவின் கைப்பேசி அடித்தது. காது கேட்காதவர் போல, அந்தப் பக்கம் சத்தமாகப் பேசினார் யாரோ வயதானவர்.

"இல்லப்பா. இன்னைக்கும் தீர்ப்பு சொல்லல. அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டாங்க."

குரலில் நடுக்கமே இல்லை.

"ஆமாப்பா. நாளைக்குக் காலேல வழக்கம்போல போணும். நீங்க சாப்பிட்டுட்டு மாத்திரயப் போடுங்க."

வைத்துவிட்டு, கைப்பேசியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அவள் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்துவிட்டோம் என்று வக்கீல் சொன்ன நிமிடத்திலிருந்து, இதைக் கணவரிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தபடியே பேருந்து நிலையம் வரை வந்திருந்தாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூடவே வந்தவர். இன்றைக்குத்தான் காய்ச்சலில் படுத்துவிட்டார். நேரில் சொன்னால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியும் என்று அடக்கி வைத்திருந்தாள்.

சாத்தூருக்கு முன்னால் அவரே கூப்பிட்டார்.

எடுக்காமல் விட்டாள். மறுபடியும் அடித்தது. எடுத்தாள்.

"என்னாச்சு? சொல்லிட்டாங்களா?"

பேருந்தின் இரைச்சலிலும் அவர் குரல் வெளியே கேட்டது.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

"இல்லங்க. இன்னைக்கும் சொல்லல."



"சரி, விடு. இத்தன நாள் பொறுத்தாச்சு. நீ சாப்பிட்டியா?"

"ம்."

வைத்துவிட்டாள்.

ஜெசிந்தா அவளைத் திரும்பிப் பார்த்தாள். அன்று அவர்கள் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டது அப்போதுதான்.

"எங்க அப்பாவுக்கு உடம்பு முடியாது, அதான்" என்றாள். "நீங்க எதுக்குப் பொய் சொன்னீங்க? அவரு பாவம்லா. எத்தன நாளா காத்துட்டு இருந்திருப்பாரு."

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள்.

இருவரில் முதலில் அழுதது அவள்தான்.