குருவிச் சத்தம்

"இந்தக் குருவிக கத்துற கத்துல ராவெல்லாம் பொட்டுத் தூக்கமில்ல! நான் பழனாத்தா ஊட்டுலயே போய்ப் படுத்துக்கறேன்."

பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ராமாத்தாள் பக்கத்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். மருமகள் மயிலாத்தாளுக்கு முகம் சுண்டிப்போனது.

திருப்பூரில் லைன் வீடு என்றால் ஒற்றை அறைதான். கல்யாணமாகி மூன்று மாதமாக, மாமியாருக்கும் இவர்களுக்கும் நடுவில் கொடியில் தொங்கும் பழைய சேலைதான் சுவர். பனியன் கம்பெனியிலிருந்து புருஷன் கந்தவேல் வந்தால் சோறு போடுவதோடு சரி. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, வாய்விட்டு நாலு வார்த்தை பேச மாட்டோமா என்று ஏங்கிக் கிடந்தாள்.

விட்டத்தில் குடியேறிய குருவி ஜோடிக்கு அந்தக் கவலையே இல்லை. கம்பெனி வேஸ்ட் நூலை இழுத்து வந்து கூடு கட்டின. ஆண் குருவி இறக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு பெட்டையைச் சுற்றிச் சுற்றி வரும். அப்புறம் பட்டப்பகலில், கொஞ்சம்கூட வெட்கமில்லாமல்... மயிலாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உடனே மறுபடியும் பார்ப்பாள்.

கூட்டில் இப்போது முட்டை இருந்தது. அதனால்தான் கலைக்க மனசு வரவில்லை.

மாமியார் போன பிறகு கந்தவேல் வாய் நிறையப் பேசினான், சிரித்தான். அவன் இவ்வளவு பேசுவான் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. குருவிச் சத்தம் ஒன்றும் அவள் காதில் விழவில்லை. வயதானவர்களுக்கு லேசான தூக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து, குழாயடியில் ஒருத்தி கேட்டே விட்டாள்.

"ஏம்புள்ள, கேவலம் ஒரு குருவிக்காக மாமியாளை ஊட்டை உட்டுத் தொரத்திட்டியாமா?"

மயிலாத்தாளுக்குக் குடம் கனத்தது. அன்று சாயங்காலம் பழனாத்தாள் வீட்டு வாசலில் போய் நின்றாள். கண் கலங்கியது.

"ஊட்டுக்கு வாங்க அத்தை. கூட்டைக் கலைச்சுப் போடறனுங்க."

"அதுல கை வெச்சீன்னா பாரு!" ராமாத்தாள் அதட்டினாள்.

"இல்லீங்க அத்தை, நீங்க தூக்கம் கெட்டு..."

ராமாத்தாள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மருமகளின் காதோரம் குனிந்தாள்.

"கூறுகெட்டவளே, பொழுது எறங்குனா எந்தக் குருவி கத்தும், கண்ணு?"